கர்ப்பகாலத் தொற்று, குறைமாதக் குழந்தை: அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் காசு கிடையாது

சிறுநீர் போகும்போது எரிந்தால், சூட்டுக்கடுப்புதானே, தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும் என்று கர்ப்பிணிகள் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று சிலருக்கு எரிச்சல்கூட இல்லாமல் உள்ளேயே இருக்கும், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை ஏறிக் குளிர்காய்ச்சலாகி, மாதம் நிறையும் முன்பே வலி எடுக்கவும் காரணமாகலாம். கிருமி கீழிருந்து ஏறிப் பனிக்குடத்தைத் தொட்டுவிட்டால் இன்னும் சிக்கல். அதனால் கிளம்பும் அழற்சி வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். 37 வாரத்துக்கு முன்பே பிறக்கும் பிள்ளைக்கு நுரையீரல், குடல், மூளை எதுவுமே முழுதாக முதிர்ந்திருக்காது, அங்கேதான் அந்த அழற்சியின் பாதிப்பு அதிகம் தெரியும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 ஜூன் 1 அன்று தொடங்கியது. வருமானச் சான்று எதுவும் வேண்டாம், அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் பொருந்தும். பிரசவம், சிசேரியன், மருந்து, ஊசி, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம், தங்கும் நாட்களில் சாப்பாடு எல்லாம் இலவசம். உடம்பு முடியாத குழந்தைக்கும் சிகிச்சை இலவசம்; முதலில் அது பிறந்து 30 நாள் வரைதான் இருந்தது, பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் சிக்கல்களும் சேர்ந்தன, அதனால் தொற்றுக்கான சிகிச்சையும் இதில் அடங்கும்.

இதோடு 2016-இல் வந்த இன்னொரு திட்டப்படி, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நான்காம் மாதத்திலிருந்து எல்லாக் கர்ப்பிணிகளையும் மருத்துவர் இலவசமாகப் பார்க்கிறார். சிறுநீர், சிபிலிஸ், எச்ஐவி பரிசோதனைகளும் உண்டு. அந்தச் சின்ன டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுப்பதற்குக் கூச்சப்பட்டு நழுவிவிடாதீர்கள், முடிவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 32-ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. குழந்தை பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, வெளியே வாங்கி வாருங்கள் என்று ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார்கள். நடுராத்திரியில் அவள் கணவர் கடை கடையாக அலைந்தார். இந்தத் திட்டம் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அதுதான் இன்றும் மனசைப் பிசைகிறது. அப்படி யாராவது சீட்டு நீட்டினால், இது ஜனனி சிசு திட்டத்தில் வராதா என்று அங்கேயே கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து எழுத்தில் புகார் கொடுங்கள், தமிழ்நாட்டில் 104-க்கும் பேசலாம்.

வண்டிச் செலவும் இதில் அடக்கம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அதற்கு, அப்புறம் வீடு திரும்ப. பனிக்குடம் உடைந்தாலோ, காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தாலோ, பிறப்புறுப்பிலிருந்து கெட்ட வாடையோடு நீர் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் தொற்றுக்கான மருந்தும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியும் பிரசவத்துக்கு முன்பே போட முடியும்.

வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு எப்போது முடியாமல் போனாலும் அதோடு போனால், பார்க்கும் மருத்துவருக்கு நடந்தது எல்லாம் உடனே புரிந்துவிடும்.