சிறுமூளை: சொல்லும் பொருளும்

செரிபெல்லம் என்ற லத்தீன் சொல்லுக்குள் இருப்பது ஒரு கொஞ்சல். செரிப்ரம் என்றால் மூளை. அதனோடு சிறுமை காட்டும் ஈறு சேர்ந்து ‘மூளைக்குட்டி’ ஆனது. சிறுமூளை என்ற நம் சொல் அதன் நேர்ப் பெயர்ப்பு. பின்னால் நடந்ததுதான் வேடிக்கை. அதே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பிரெஞ்சுச் ‘செர்வோ’வும் இத்தாலியச் ‘செர்வெல்லோ’வும் இன்று முழு மூளையையும் குறிக்கின்றன, குட்டி தாயின் பெயரையே பிடுங்கிக்கொண்டது. அரிஸ்டாட்டில் அளவைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து, ‘மூளைக்குப் பக்கத்தில் இருப்பது’ என்ற பொருளில் பாரென்கெஃபாலிஸ் என்றார்.

தமிழில் மூளைக்கே இரண்டு பொருள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையும் மூளைதான். சித்த மருத்துவம் எண்ணும் ஏழு உடற்கட்டுகளில் வரும் மூளை அதுவே. சிறுமூளை, பெருமூளை என்று அடைகொடுத்துவிட்டால் அந்தக் குழப்பம் எழுவதில்லை. இலங்கைப் பாடநூல்களில் பெருமூளை ‘மூளையம்’, சிறுமூளை ‘மூளி’. சுருக்கமான சொல்தான். ஆனால் உறுப்புக் குறைந்ததையும் அணி இழந்ததையும் மூளி என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது இடறுகிறது. சிலர் ‘பின்மூளை’ என்று எழுதுவது பிழை. முகுளம், அதன் மேலுள்ள பாலம், சிறுமூளை மூன்றும் சேர்ந்த பகுதிக்கு உரிய பெயர் அது.

ஆகச் சிறுமூளையே இருக்கட்டும். எடையிலும் அது மூளையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 2009இல் வெளியான கணக்கின்படி, மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி இங்கேதான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

இத்தனை அணுக்களுக்கு என்ன வேலை? 1824இல் பிரெஞ்சு உடலியலாளர் ஃப்ளூரான்ஸ் புறாக்களின் சிறுமூளையை அகற்றிப் பார்த்தார். அசைவு நின்றுபோகவில்லை, ஒழுங்குதான் போயிற்று. அன்று முதல் ‘உடல் சமநிலை, அசைவு ஒருங்கிணைப்பு’ என்ற ஒற்றை வரி பாடநூல்களில் நிலைத்துவிட்டது. தேர்வுக்கு அது போதும். சொல்லின் பொருளுக்குப் போதாது. 1944இல் ஸ்னைடர், ஸ்டோவல் என்ற இரு ஆய்வாளர்கள் மயக்க நிலையில் இருந்த பூனைகளின் தோலைத் தொட்டும், ‘டிக்’ என்ற ஒலி எழுப்பியும், வெளிச்சம் பாய்ச்சியும் சிறுமூளையில் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். மூன்றுக்கும் அங்கே இடம் இருந்தது. ஒலிக்கும் ஒளிக்கும் உரிய பகுதிகள் நடுப்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடந்தன.

இந்தப் புலன்கள் அங்கே எப்படிக் கூடுகின்றன என்பதை முயல்களின் கண்சிமிட்டலில் பார்க்கலாம். ஒரு ஒலி, கணநேரம் கழித்துக் கண்ணில் ஒரு காற்றூதல். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், காற்று வந்து சேரும் நேரத்துக்குச் சரியாக இமை மூடப் பழகிவிடும். ஒலிச்செய்தி மெல்லிய இணையிழைகள் வழியாகச் சிறுமூளையின் பெரிய நரம்பணுவான பர்கின்ஜி அணுவை வந்தடைகிறது. அத்தகைய இழைகள் ஓர் அணுவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ‘காற்று பட்டது’ என்ற தொடுசெய்தியைக் கொண்டுவருவதோ கொடிபோல் சுற்றி ஏறும் ஒரே ஓர் இழை. லட்சம் முணுமுணுப்புகளில் எது முன்னறிவிப்பு என்பதை அந்த ஒற்றை அதட்டல் கற்றுக்கொடுக்கிறது.

1996இல் ஒரு மூளைப்பட ஆய்வில், அசையாமல் வைத்த விரல்களின்மேல் உப்புத்தாளைத் தேய்த்தார்கள். எது சொரசொரப்பு அதிகம் என்று ஒப்பிடச் சொன்னதும் சிறுமூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள் ஒன்று இன்னும் விறுவிறுப்படைந்தது. பொருளை வெறுமனே எடுத்துப் போடும்போது அது பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

பார்வைக்குச் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. தலையை வேகமாக இடவலமாக ஆட்டிக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள்; படிக்க முடியும். தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் திரையை ஆட்டினால் எழுத்து கலங்கிவிடும். தலை அசையும்போது அதற்கு எதிராகக் கண்ணைத் திருப்பும் அனிச்சைச் செயல் மூளைத்தண்டினுடையது. எழுத்து வழுக்குகிறதா என்று பார்த்து அதன் அளவைத் திருத்திக்கொண்டே இருப்பது சிறுமூளை.

நம்மை நாமே கூச்சமூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதன் கை உண்டு என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் விரல் எங்கே, எப்போது படும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தத் தொடுகையின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. பிறர் விரல் கணக்கில் இல்லாமல் வருவதால்தான் நெளிகிறோம்.