ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல்

"வண்டியோடு விழுந்துட்டேன் சார். ஹெல்மெட்டில் சின்னக் கீறல்தான். தொடர்ந்து போடலாமா?" என்று பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தலை தரையில் மோதியிருந்தால் போடக் கூடாது. போன மாதம் வாங்கியதாக இருந்தாலும் கூடாது. காரணம், உள்ளே இருக்கிற தெர்மாகோல்.

டிவி பெட்டிக்குள் வருகிற அதே பாலிஸ்டைரீன் நுரைதான். அடர்த்தி மட்டும் கூடுதல். ஜி.பி. ரோடு கடைகளில் ஹெல்மெட் வாங்கப் போனால் எல்லோரும் மேலோட்டைத்தான் தட்டிப் பார்க்கிறோம். துணி லைனிங்கை விலக்கிப் பாருங்கள். சின்னச் சின்ன மணிகள் ஒட்டிக்கொண்டது போல ஓர் அடுக்கு தெரியும். ஒவ்வொரு மணிக்குள்ளும் மெல்லிய சுவர் வைத்த நூற்றுக்கணக்கான காற்றறைகள். அந்த அடுக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் காற்று. உயிரைக் காப்பது அதுதான்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதிப்பதற்கான ஐ.நா.வின் 22ஆம் எண் ஒழுங்குமுறையில் ஹெல்மெட்டை மோதவிடும் முக்கியமான வேகம் நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கி.மீ. "ஓ.எம்.ஆரில் எழுபதில் போகிறோமே, இருபத்தேழு எந்த மூலைக்கு?" என்று கேட்கத் தோன்றும். வண்டியிலிருந்து விழுகிறவரின் தலை தார்ச்சாலையை நோக்கி இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் புவியீர்ப்பு. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது மணிக்கு 20 கி.மீ. அளவுதான். முன்னோக்கிய வேகம் சாலையில் உரசிச் சறுக்குவதில் கரையும். சுவரிலோ லாரியிலோ நேராக மோதினால் கதை வேறு. ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் ஹெல்மெட் போட்டாலும் அப்படியே இருக்கிறது.

இப்போது பள்ளிக்கூடச் சூத்திரம்: வேகத்தின் வர்க்கத்தை, நிற்பதற்குக் கிடைக்கும் தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். அந்த 7.5 மீட்டர் வேகத்தில் மோதும் வெறும் தலைக்கு நிற்க இரண்டரை மில்லிமீட்டர் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், தலை தாங்க வேண்டிய வேகக் குறைப்பு புவியீர்ப்பைப் போல 1,100 மடங்குக்கு மேல். நுரை 25 மில்லிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் சுமார் 115 மடங்கு. ஐ.நா. ஒழுங்குமுறை அனுமதிக்கும் உச்சம் 275.

அப்படியானால் 25 மில்லிமீட்டருக்கு ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்தால் என்ன? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பிரிங் முதலில் தளர்வாக விட்டுக்கொடுக்கும், போகப் போக இறுகும். பெரும்பாலான வேலை கடைசி சில மில்லிமீட்டரில் நடப்பதால், அதே தூரத்தில் உச்ச விசை இரண்டு மடங்காகிவிடும். அதோடு விடாது, விழுங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து, தலையை எதிர்த்திசையில் எகிறவைக்கும். நுரை அப்படிச் செய்வதில்லை. அதன் அறைச்சுவர்கள் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை அசையாமல் நிற்கும். அதைத் தாண்டியதும் அடுக்கி வைத்த அப்பளங்கள் போல ஒவ்வொரு வரிசையாக மடியும். அடுத்த வரிசை மடியவும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான் தேவை. அதனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தலைமேல் விசை பெரிதாக ஏறாமல் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கிறது. கிடைத்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் சமமாக உழைக்கிறது. மடிந்த சுவர் நிமிராததால் ஆற்றலும் பெரிதாகத் திரும்பி வருவதில்லை. விலை மலிவான ஒரு பொருள் இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்வதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காது.

எல்லாச் சுவர்களும் மடிந்துவிட்டால் மிஞ்சுவது கட்டியான பிளாஸ்டிக். மேலோடு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுவதால் சேதம் வெளியே தெரியாது. அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் விட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது. இன்னொன்று: பெட்ரோலும் தின்னரும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஹெல்மெட்டைத் துடைக்க அவற்றைத் தொடாதீர்கள். கழுத்துப் பட்டையை மாட்டாவிட்டால் தரையில் மோதும்முன் ஹெல்மெட் தனியே பறந்துவிடும், பிறகு நுரை இருந்தென்ன?

இந்த அறிவு எந்த ஒரு நாட்டிலும் தனியாக விளையவில்லை. 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ், 1941இல் ஹெல்மெட்டின் பயன் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்பர்ன், ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து பார்த்தார். மண்டை சட்டெனத் திரும்பும்போது மூளை பின்தங்குவதால் ஏற்படும் முறுக்கமே ஆபத்து என்று 1943இல் எழுதினார். ஜெர்மனி, பிரிட்டன், பின்லாந்து ஆகிய நாடுகளில் விபத்துக்குள்ளான ஹெல்மெட்டுகளையும் காயங்களையும் சேர்த்து ஆராய்ந்த ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தின் அறிக்கை 2001இல் வந்தது. ஐ.நா. குழு ஜெனீவாவில் வகுத்த, 1972 முதல் நடப்பில் இருக்கும் அந்த 22ஆம் ஒழுங்குமுறையின் புதிய திருத்தத்தில்தான், சாய்வாக மோதவிட்டுச் சுழற்சியை அளக்கும் சோதனை சேர்ந்தது. ஹோல்பர்ன் எழுதியது சட்டமாக முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது!

நம் பக்கம் 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் கடுமை காட்டத் தொடங்கினார்கள். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். அப்படியும் 2022இல் ஹெல்மெட் போடாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர். புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். சாமி கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் எலுமிச்சை நசுங்குவதால் எந்தத் தலையும் தப்பாது. கோயிலிலிருந்து வீடு திரும்பும்போதே தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும்.

சுழற்சிச் சோதனை இங்கே விற்கும் ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கும் கட்டாயமாக வேண்டும். அதற்கு நம் சாலைகளின் தரவும் வேண்டும். விபத்து விவரங்களைப் பதியும் ஐராட் மென்பொருளை ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. எங்கே, எப்போது, எந்த வண்டி என்பதோடு நின்றுவிடாமல், விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டையும் சேகரித்து, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் எடுக்கும் தலை ஸ்கேனோடு ஒப்பிட ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். வண்டிப் பதிவின்போது வாங்கும் வரியில் ஒரு சிறு பங்கு போதும். அந்த முடிவுகளை ஜெனீவாவில் ஹெல்மெட் விதிகளைத் திருத்துகிறவர்களுக்கும் அனுப்பலாம். நம்மைப் போலவே இருசக்கர வண்டியில் வாழும் வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் அது உதவும்.