கூட்டுப் புத்தகமும் நீதிமன்றமும்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நாங்கள் குடியிருந்த காலத்தில், என் அம்மா 12 பெண்களைச் சேர்த்துக் கூட்டு, அதாவது சீட்டு, நடத்திவந்தார். ஆளுக்கு மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்). சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை 1,200 வெள்ளி சேர்ந்துவிடும். பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளை மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள்; பெயர் வந்தவருக்கு அந்த மாதத் தொகை முழுவதும் போகும். கணக்கெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. அதில் கையெழுத்தும் கிடையாது, முத்திரையும் கிடையாது. ஆனாலும் முதல் மாதமே பணத்தை எடுத்தவர், மீதி 11 மாதமும் தவறாமல் கட்டினார். சட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அந்தப் புத்தகத்தைத்தான். எழுதிய சட்டம் இல்லாத காலத்தில் மனிதர்கள் எப்படி ஒரு விதிக்குக் கட்டுப்பட்டார்களோ, அதே முறைதான் எங்கள் கூடத்திலும் நடந்துகொண்டிருந்தது.

முதலில் பணத்தை எடுத்தவர் ஏன் ஓடிவிடவில்லை? சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கெக்டர் ஆகிய இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு 20 காசு கொடுக்கப்படும். பொதுப் பானையில் ஒருவர் போடும் ஒவ்வொரு காசுக்கும் நான்கு பேருக்கும் தலா 0.4 காசு திரும்பக் கிடைக்கும். எல்லாரும் முழுவதையும் போட்டால் ஆளுக்கு 32 காசு. மூவர் போட்டு ஒருவர் மட்டும் தன் காசைக் கையிலேயே வைத்துக்கொண்டால், அவருக்கு 44 காசும் மற்றவர்களுக்கு 24 காசும் வரும். போடாதவருக்கு அதிக ஆதாயம் என்பதைக் கண்டதும், ஒவ்வொரு சுற்றிலும் பானையில் விழும் காசு குறைந்துகொண்டே போயிற்று. பிறகு, தன் கையிலிருந்து ஒரு காசைச் செலவழித்து ஏமாற்றுபவரிடமிருந்து மூன்று காசைப் பறிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அடுத்த சுற்றில் அதே ஆட்களைச் சந்திக்கப்போவதில்லை என்று தெரிந்திருந்தும், பலர் தங்கள் காசைச் செலவழித்தே தண்டித்தார்கள். பானையும் நிரம்பத் தொடங்கியது.

எங்கள் அடுக்குமாடியில் அந்தத் தண்டனை வேறு உருவத்தில் இருந்தது. பணம் கட்டாதவரின் பெயர் மாடிப்படி முழுவதும் பரவும், கோயிலில் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், அவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது அந்தப் பேச்சும் கூடவே வரும். ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கு இதுவே போதுமான காவல்.

ஓர் ஆண்டு அந்தக் காவல் பலிக்கவில்லை. புதிதாக வாடகைக்கு வந்த ஒரு பெண் இரண்டாம் மாதமே 1,200 வெள்ளியை எடுத்தார். மூன்றாம் மாதம் வரை கட்டிவிட்டு, நான்காம் மாதம் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார். 900 வெள்ளி குறைந்தது. நட்டத்தை எல்லாரும் பகிர்ந்துகொள்வதுதான் முறை என்றார் ஒருவர். கூட்டு நடத்துபவர்தான் பொறுப்பு என்றார் இன்னொருவர். அந்தப் பெண்ணை அழைத்து வந்தவர் கட்டட்டும் என்றார் மூன்றாமவர். மூவருமே, காலங்காலமாக இதுதான் வழக்கம் என்று உறுதியாகச் சொன்னார்கள். கடைசியில் அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கட்டி முடித்தார்.

அன்று எங்கள் கூடத்தில் இல்லாமல்போன மூன்றை, ஆக்ஸ்ஃபர்டு சட்டத் தத்துவப் பேராசிரியர் எச். எல். ஏ. ஹார்ட் 1961இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். எது விதி என்று ஐயமின்றி அறிந்துகொள்ள ஓர் அடையாளம் வேண்டும். பழைய விதி பொருந்தாதபோது அதை மாற்ற ஒரு வழி வேண்டும். மீறப்பட்டதா இல்லையா என்று முடிவு சொல்ல, எல்லாரும் ஏற்ற ஒருவர் வேண்டும். ‘வாங்கிய கடனைத் திருப்பிக் கொடு’ என்பது விதி. அந்த விதியைப் பற்றிய இந்த மூன்று ஏற்பாடுகளும் சேரும்போதுதான் வழக்கம் சட்டமாகிறது என்பது அவர் கருத்து. சட்டம் என்றாலே தண்டனை என்று எண்ணுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதைவிட இந்த விளக்கம் உண்மைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். உயில் எழுதுவதும் நிலம் வாங்குவதும் கூடச் சட்டத்தால்தான் நடக்கின்றன. அங்கே தண்டனைக்கு வேலையே இல்லை.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. உத்திரமேரூர் ஊர்ச் சபையார், வாரிய உறுப்பினர்களைக் குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, தேர்ந்தெடுக்கும் விதிகளைப் பராந்தகச் சோழன் காலத்தில், 919இல் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 921இல், அவற்றைத் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். திருத்தத்துக்கும் ஒரு முறை உண்டு என்று அவர்கள் அறிந்திருந்ததே அதில் நான் வியப்பது.

பினாங்கின் தொடக்க வரலாறும் எங்கள் கூட்டைப் போன்றதுதான், அளவு மட்டும் பெரியது. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த, சோழியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள், ஐரோப்பியர்கள் என்று துறைமுகம் விரைவில் நிறைந்தது. ஆனால் முறையான நீதிமன்றம் வரவில்லை. ஒவ்வொரு சமூகத்தின் சில்லறைத் தகராறுகளையும் அதன் தலைவரான கப்பித்தான் தீர்த்து வைத்தார். தன் சமூகத்துக்குள் அது செல்லுபடியாயிற்று. ஒரு சோழியா வணிகருக்கும் ஒரு சீன வணிகருக்கும் வழக்கு என்றால் யாருடைய வழக்கத்தைக் கொண்டு தீர்ப்பது? 1801இல் நீதிபதியாக வந்த ஜான் டிக்கன்ஸ், குற்றத்தையும் உடைமையையும் பற்றி இந்தத் தீவில் தாம் அறிந்த ஒரே சட்டம் இயற்கைச் சட்டம்தான் என்று மேலிடத்துக்கு எழுதினார். 1807இல், நீதிமன்றம் அமைக்கும் அரச ஆணையான முதல் நீதிச் சாசனம் வழங்கப்பட்டு, அடுத்த ஆண்டு நீதிமன்றம் திறக்கப்பட்டபோதுதான் அந்த நிலை மாறியது.

வந்தது ஆங்கிலச் சட்டம். உள்ளூர்ச் சூழலுக்கும் மக்களின் சமயங்களுக்கும் ஏற்ப அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்பது கொள்கை. எவ்வளவு தளர்த்துவது என்பதில்தான் சிக்கல். பினாங்கைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்மணி, தமக்கும் தம் கணவருக்கும் என்றென்றும் வழிபாடு நடக்க வேண்டும் என்று ஒரு வீட்டை உயிலில் ஒதுக்கியிருந்தார். 1875இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. சொத்தை முடிவின்றி முடக்கிவைக்க வேண்டுமானால் அது பொதுநல அறமாக இருக்க வேண்டும் என்பது ஆங்கில விதி. குடும்பத்தார்க்கு மட்டும் உரிய வழிபாடு அந்த வகையில் சேராது என்பது தீர்ப்பு. முன்னோர்க்குப் படையல் வைக்கும் நம் வீடுகளில் இருந்து பார்த்தால், அந்த அம்மையாரின் விருப்பம் எவ்வளவு இயல்பானது என்பது விளங்கும். தெளிவான விதி, தகுதியான நீதிமன்றம், ஒழுங்கான விசாரணை எல்லாம் இருந்தும், அந்தச் சட்டம் வேறொரு மக்களின் வாழ்க்கையிலிருந்து விளைந்தது.

இன்றைய மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆவது விதி, சட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, எழுதப்பட்ட சட்டத்தோடும், நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டத்தோடும், சட்டத்தின் வலிமை பெற்ற வழக்காறுகளையும் சேர்த்துக்கொள்கிறது. நம் கூட்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் வேறு விதமாக. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம், கூட்டு, சீட்டு, ஹுவெய் என்று மக்கள் வாயில் வழங்கும் பெயர்களையே எடுத்து எழுதி, அதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்கிறது. மாடிப்படிப் பேச்சு எட்டாத தொலைவில், முகம் தெரியாத நூறு பேரிடம் ஒருவர் பணம் திரட்டும்போது, மானமும் உறவும் அவரைக் கட்டுப்படுத்தாது என்பதால் இந்தத் தடை எனக்கு நியாயமாகவே படுகிறது.

திருமணத்திலோ சட்டம் வழக்கத்தோடு கைகோத்துச் செல்கிறது. 1976இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்து, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கியது; கோயில் குருக்களையே துணைப் பதிவாளராக நியமிக்கவும் அது இடம் தருகிறது. அதனால் தாலி கட்டி முடிந்ததும், மஞ்சள் அரிசி இன்னும் தலையில் ஒட்டியிருக்க, மணமக்கள் ஒரு மேசை முன் அமர்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைப் பல கோயில்களில் காணலாம். தாலிக்கு, கூடியிருக்கும் உற்றார் சாட்சி. அந்தப் பதிவேட்டைப் பின்னொரு நாளில் புரட்டப்போகிறவரோ, அந்தக் கூட்டத்தில் ஒருவரைக்கூட அறியாத ஒரு வங்கி ஊழியராகவோ நீதிபதியாகவோ இருப்பார்.