ஊரில் இல்லாதவர்களை எண்ணுவது எப்படி?

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். அந்த வரி நோட்டைப் புரட்டினால் பல பெயர்களுக்குப் பக்கத்தில் 'மெட்ராஸ்', 'பம்பாய்', 'திருப்பூர்' என்று எழுதியிருக்கும். ஊரைவிட்டுப் போய் இருபது வருஷம் ஆனவரின் பெயரும் இருக்கும், வரியும் வந்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படியல்ல. எண்ணும் காலத்தில் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் ஒருவர் எண்ணப்படுவார். அப்படியானால் போனவர்களை அதில் எப்படிக் கண்டுபிடிப்பது?

வயதைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். ஒரு ஊராட்சியில் 10 முதல் 19 வயது வரை 1,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் கழித்து அதே பிள்ளைகள் 20 முதல் 29 வயதில் இருக்கவேண்டும். அந்த வயதில் சாவு குறைவு. பத்துப் பேரைக் கழித்தால் 990. ஆனால் எண்ணிப் பார்த்தால் 700 பேர்தான். மிச்சம் 290 பேர் வெளியூரில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் அந்த 700-க்குள் இருப்பார்கள் என்பதால், உண்மையில் போனவர்கள் இன்னும் அதிகம். கல்யாணமாகிப் போகும் பெண்கள் கணக்கைக் குழப்பாமலிருக்க ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மொத்த மக்கள்தொகை இதைக் காட்டவே காட்டாது. குழந்தைகள் பிறக்கிறார்கள், பெரியவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள். மொத்தம் அசையாமல் நிற்க, நடுவில் இளவட்டங்கள் மட்டும் கரைந்துகொண்டிருப்பார்கள். 2011-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,023 பெண்கள். மாநில சராசரி 996. ஆனால் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆண்பிள்ளைகள்தான் அதிகம். பெண்களுக்கு ஆயுள் கூடுதல் என்பது ஒரு காரணம். பிழைப்புக்கு வெளியே போன ஆண்கள் இன்னொரு காரணம்.

2016-17 பொருளாதார ஆய்வறிக்கை இந்த வயதுக் கணக்கோடு ரயில் டிக்கெட்டையும் சேர்த்துக்கொண்டது. முன்பதிவில்லாத பெட்டிகளில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனவர்களிலிருந்து திரும்பி வந்தவர்களைக் கழித்தால், மிஞ்சுபவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். மாநிலம்விட்டு மாநிலம் வருஷத்துக்குச் சுமார் 90 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. நெல்லை-சென்னைப் போக்குவரத்துக்கும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் ஆம்னி பஸ் கணக்கும் சேர்ந்தால்தான் பாதியாவது சரியாக வரும்.

சரி, போனார்கள் என்று தெரிந்துவிட்டது. எந்த வயதில் போனார்கள் என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பாளையங்கோட்டை பிள்ளைகளை உள்ளே இழுக்கிற ஊர். அரசு பொறியியல் கல்லூரி 1981 முதல் இருக்கிறது; பக்கத்தில் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அது 1990-இல் தொடங்கியது. பதினேழு வயதில் இங்கே வருகிறார்கள். இருபத்தொன்றில் ரயில் ஏறுகிறார்கள். பத்து வயதை ஒரே கட்டாகக் கட்டினால் இந்த வரவும் போக்கும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வொரு வயதாகப் பிரித்தால்தான், இங்கே குறைவது கல்லூரியா, படித்ததற்கேற்ற வேலையா என்பது விளங்கும். 2011-இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்தது அந்த இரண்டாவது குறைக்குத்தான் மருந்து. அது ஒரு ஊரில் மட்டும் இருந்தால் போதுமா?

அப்புறம், திரும்பி வருகிறவர்கள். ஒவ்வொரு இடப்பெயர்ச்சியும் எதிர்த்திசையில் ஒரு இடப்பெயர்ச்சியை உண்டாக்கும் என்று புவியியலாளர் ரேவன்ஸ்டைன் 1885-லேயே எழுதினார். நம் கணக்கெடுப்பில் பிறந்த இடத்தோடு, கடைசியாகக் குடியிருந்த இடத்தையும் 1971 முதல், காரணத்தை 1981 முதல் கேட்கிறார்கள். பிறந்தது கடையம், இப்போது இருப்பதும் கடையம், அதற்கு முன் இருந்தது சென்னை என்றால் அவர் திரும்பி வந்தவர். பழகிய தொழிலும் சேமித்த காசும் நகரத்து ஆட்களின் பழக்கமும் அவரோடு வருகின்றன. அவர் இங்கே நிலைத்தால் இன்னும் நாலு பேருக்கு வேலை கிடைக்கலாம். வரி நோட்டிலும் 'மெட்ராஸ்' என்பதை அடித்துவிட்டு 'ஊர்' என்று எழுதிய பெயர்கள் ஒன்றிரண்டு தென்படும்.

2027 கணக்கெடுப்பு முடிந்ததும் பிறந்த இடம், கடைசியாகக் குடியிருந்த இடம் என்ற இரண்டு பதில்களையும் சேர்த்து, ஆள் பெயர் இல்லாமல், ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும். மாவட்ட மொத்தத்தில் கடையமும் மத்தளம்பாறையும் ஒன்றாகத்தான் தெரியும்.