காளானுக்கு எந்த வீட்டில் இடம்?

எங்கள் ஆச்சி காளானை அடுப்படிக்குள் விட்டதே இல்லை. ஒரு நாள் பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பட்டன் காளான் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏலே, இது மரக்கறியா? பச்சை இல்ல, இலை இல்ல, வேர் இல்ல. செத்துக் கிடக்கதத் தின்னு இருட்டுல முளைக்கி. கொண்டு போய் வெளிய வை” என்றாள்.

நான் அப்போது கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். காளான் எங்கள் பாடத்தில்தான் இருந்தது. விலங்கியல்காரர்கள் அதைச் சீண்டுவதில்லை. எனவே காளான் தாவரம்தான் என்று ஆச்சியிடம் வாதாடினேன். தோற்றிருக்க வேண்டியது நான்.

காளானைத் தாவரத்தோடு சேர்த்தது ஐரோப்பாவின் பழைய வழக்கம். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1735-இல் இயற்கையை வகைப்படுத்தி அட்டவணை போட்டபோது உயிர்களுக்கு இரண்டே உலகங்கள் வைத்தார்: விலங்கு, தாவரம். நடப்பது, தின்பது ஒரு பக்கம். நின்ற இடத்தில் வளர்வது மறுபக்கம். காளான் நகராது, ஆகவே தாவரம். இந்த ஏற்பாடு ஏறத்தாழ இருநூறு வருடம் ஓடியது. 1969-இல்தான் ராபர்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்து, காளான் உள்ளிட்ட பூஞ்சைகளுக்குத் தனி வீடு கொடுத்தார். அவர் முக்கியமாகப் பார்த்தது சாப்பிடும் முறையை. தாவரம் வெயிலில் சமைக்கிறது. விலங்கு விழுங்கிவிட்டுச் செரிக்கிறது. பூஞ்சையோ செரிமான நொதிகளை வெளியே கக்கி, மட்கியதை அங்கேயே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆச்சி சொன்ன “செத்துக் கிடக்கதத் தின்னு” என்பதும் இதுதான்.

வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு உள்ளே பார்த்துப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியலில், வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று ஒரு இலக்கணம் வருகிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். தேக்கை வெட்டினால் நடுவில் வைரம். பனையை வெட்டினால் ஓரம் இரும்பு, நடு சோறு. இன்றைய தாவரவியலும் பனையை நெல், மூங்கிலோடு ஒருவிதையிலைத் தாவரமாகத்தான் சேர்க்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வெட்டிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

காளானை வெட்டினால் மட்டும் போதாது. நுண்ணோக்கி வேண்டும்.

என்னிடம் இருப்பது பழைய பள்ளிக்கூட நுண்ணோக்கி, 400 மடங்கு பெருக்கும். முதலில் வெங்காயம். ஒரு இதழை உடைத்து, அதன் குழிந்த பக்கத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற தோலை இடுக்கியால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் விரிக்க வேண்டும். மடிந்தால் வீண். மேலே ஒரு துளி டிங்சர் அயோடின். மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்வாக இறக்க வேண்டும். பொத்தென்று வைத்தால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். கருப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழியைச் செல் என்று நம்பி வரைந்து, மார்க் வாங்காமல் போனவர்கள் ஏராளம். நானும் வரைந்திருக்கிறேன்.

சரியாக அமைந்துவிட்டால் செங்கல் சுவர் போலக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல், நீளம் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்ததும் இப்படிக் கட்டங்களைத்தான். சிற்றறை என்ற பொருளில் ‘செல்’ என்று பெயரிட்டார். அவர் பார்த்தவை செத்த செல்களின் வெறும் சுவர்கள். வெங்காயத்தில் சுவருக்குள் ஆள் இருக்கிறது. ஓரத்தில் ஒதுங்கி, அயோடின் ஏறி மஞ்சள் பழுப்பாக ஒரு உருண்டை: அதுதான் உட்கரு. அது ஏன் நடுவில் இல்லாமல் ஓரம்கட்டிக் கிடக்கிறது என்றால், செல்லின் நடுவை ஒரு பெரிய நீர்ப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பை புடைத்திருக்கும்வரை வெங்காயம் மொறுமொறுவென்று இருக்கும். உப்புப் போட்டுப் பிசைந்தால் பையிலிருந்து தண்ணீர் இறங்கிவிடும். பச்சடி துவள்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

அடுத்து, கன்னத்தின் உட்புறத்தை ஒரு குச்சியால் மெல்ல வழித்து எடுத்தது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விட்டால் நீலச் சாயத்தில் ஒழுங்கில்லாத தகடுகள் மிதக்கும். சுவர் கிடையாது, சவ்வு மட்டும். நடுவில் உட்கரு.

காளான் தண்டை ஊசியால் கிழித்துப் பரப்பினால் கட்டமும் இல்லை, தகடும் இல்லை. நூல் நூலாக, சிக்குப் பிடித்த தலைமயிர் மாதிரி இழைகள். காளான் என்று நாம் வாங்குவது இந்த இழைகள் நெருக்கமாகப் பின்னிய ஒரு கட்டு. இவற்றுக்குச் சுவர் உண்டு. தாவரத்துக்கும் சுவர் உண்டே, அப்போது இரண்டும் சொந்தமா என்றால், சுவர் எதனால் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். வெங்காயத்தின் சுவர் செல்லுலோஸ், பருத்தி நூலின் பொருள். காளானின் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டிலும் கரப்பான் முதுகிலும் இருக்கும் பொருள். சேமிப்பும் அப்படித்தான். உருளைக்கிழங்கு மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. காளான் கிளைக்கோஜனாகச் சேர்க்கிறது, நம் கல்லீரல் செய்வதைப் போல. வெயில் பட்டால் நம் தோலைப் போலவே காளானும் வைட்டமின் டி தயாரிக்கிறது.

1990-களில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, காளான் நம் பக்கத்துச் சொந்தமோ என்ற சந்தேகம் உறுதியானது. விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரே கொப்பின் இரு கிளைகள். பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, ஆனால் தாவர வழி அதற்கும் முன்பே தனியாகப் போய்விட்டது. நீரில் வாழும் சில பூஞ்சைகளின் வித்துகள் பின்பக்கம் ஒற்றை வாலை அடித்துக்கொண்டு நீந்தும். மனித விந்தணு நீந்துவதும் அதே பாணியில்தான்.

இந்தச் சொந்தத்தின் தொந்தரவை, படர்தாமரை வந்தவர்கள் அனுபவித்திருப்பார்கள். பாக்டீரியாவைக் கொல்வது ஒப்பீட்டளவில் எளிது, ஏனென்றால் அதனிடம் நம்மிடம் இல்லாத உறுப்புகள் பல உண்டு. பென்சிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. நமக்குச் சுவரே இல்லை என்பதால் அடி அங்கே மட்டும் விழுகிறது. பூஞ்சையின் செல் உள்ளே ஏறக்குறைய நம் செல் மாதிரியே இருப்பதால், மருந்துக்குக் குறி வைக்க இடம் குறைவு. கிடைத்த சில இடங்களில் ஒன்று செல் சவ்வு. நம் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சை எர்கோஸ்டிரால் வைத்திருக்கிறது. படர்தாமரைக்குத் தரும் பெரும்பாலான களிம்புகளும் மாத்திரைகளும் எர்கோஸ்டிரால் உற்பத்தியை முடக்குபவை. மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டு நாள் அரிப்பு நிற்கும். தோலின் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும்.

இனி தயிர். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி உலர்த்தி, அதே மெத்திலீன் ப்ளூவைப் போட்டுக் கழுவினால், 400 மடங்கில் நீலப் பொடி தூவினாற்போலத் தெரியும். பொறுமையாகக் குவியத்தைச் சரிசெய்தால் பொடியில் குச்சிகளும் பாசிமணி கோத்தது போன்ற வரிசைகளும் பிரிந்து வரும். தயிரில் வாழும் பாக்டீரியா இவைதான். சாயம் ஏறாமல் வட்டமாக நிற்பவை கொழுப்புத் துளிகள். ஒரு வெங்காயச் செல்லின் நீளத்துக்கு இந்தக் குச்சிகளில் ஐம்பது, நூறு அடுக்கலாம். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே தனி உருண்டை என்று ஒன்று தெரியாது. டிஎன்ஏ இருக்கிறது, அதைச் சுற்றி அறை கிடையாது. (ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கான உயிர்கள் என்பதை ஆச்சியிடம் நான் சொல்லவில்லை. தயிர் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.)

ஆக, உயிர்களின் பெரிய பிளவு தாவரத்துக்கும் விலங்குக்கும் இடையில் இல்லை. வெங்காயம், காளான், ஆச்சி மூன்றும் உட்கரு உள்ள கட்சி. தயிரின் பாக்டீரியாவும் இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவும் உட்கரு இல்லாத கட்சி. நெல் வயலுக்கு உரமாக விடும் நீலப்பச்சைப் பாசி, பெயரில் பாசி என்றாலும், இரண்டாவது கட்சிதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாவது கட்சியே இரண்டாக உடைந்தது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் என்பவர் நுண்ணோக்கியை நம்பாமல் ரைபோசோமைப் பிடித்துக்கொண்டார். புரதம் செய்யும் இந்த நுண்ணிய பட்டறை இல்லாத செல்லே கிடையாது. அதிலுள்ள ஆர்என்ஏ, டிஎன்ஏவுக்கு நெருங்கிய உறவான மூலக்கூறு, மிக மெதுவாக மாறுவது. எனவே யாருக்கு யார் எத்தனை தலைமுறைச் சொந்தம் என்று அதை வைத்துக் கணக்குப் போடலாம். கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய ஆர்என்ஏவைத் துண்டுகளாக வெட்டி, எக்ஸ்ரே படத்தில் விழும் கரும்புள்ளிகளை வருடக்கணக்கில் தனியாளாக உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்களின் முறை வந்தபோது புள்ளிகள் பொருந்தவில்லை. பார்க்க அச்சு அசல் பாக்டீரியா. ஆர்என்ஏவோ பாக்டீரியாவிடமிருந்து வெகுதூரம். 1977-இல் ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து இதை மூன்றாவது உயிர்வகை என்று அறிவித்தார். இன்று அதன் பெயர் ஆர்க்கியா. 1990-இல் உலகங்களுக்கு மேலே பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உயிர்கள் என மூன்று பெரும்பிரிவுகள் வந்தன.

ஆர்க்கியா என்றதும் கொதிக்கும் ஊற்று, உப்பளம் என்று தூர இடங்களைக் காட்டுவார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் போனால் போதும். மாட்டின் வயிற்றில் வைக்கோல் நொதிக்கும்போது வரும் மீத்தேன் இவற்றின் வேலை. சாணத்தைக் கரைத்து மூடி வைத்து அடுப்பெரிக்கும் கோபர் கேஸும் அதே ஆட்களின் உழைப்பு. காற்றுப் பட்டால் முடங்கிவிடுவார்கள் என்பதால்தான் கலனைக் காற்றுப் புகாமல் மூடுகிறோம். மீத்தேன் தயாரித்தே பிழைக்கும் வித்தை ஆர்க்கியாவைத் தவிர வேறு எந்த உயிருக்கும் வாய்க்கவில்லை.

இன்னொரு பக்கம், உட்கரு உள்ள நம் செல்லுக்குள்ளேயே ஒரு பழைய பாக்டீரியா உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரையை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் சொல்கிறேன். அதற்கு இரட்டைச் சவ்வு, சொந்த ரைபோசோம், பாக்டீரியாவைப் போல வட்டமான சொந்த டிஎன்ஏ. மனிதரில் அந்த வட்டத்தில் 37 மரபணுக்கள், எல்லாமே அம்மா வழி வருபவை. எப்போதோ ஒரு செல் இன்னொன்றை உள்ளே சேர்த்துக்கொண்டது, அது செரிக்கப்படாமல் குடித்தனக்காரனாகத் தங்கிவிட்டது என்று லின் மார்குலிஸ் 1967-இல் எழுதினார். வெளியாகும் முன் பல ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. இலையில் வெயிலைப் பிடித்துச் சமைக்கும் பசுங்கணிகமும் இப்படி உள்ளே வந்ததுதான். அதன் மூதாதை நீலப்பச்சைப் பாசியின் சாதி.

குடித்தனக்காரன் பழைய முகவரியை இன்னும் விடவில்லை என்பதற்கு மருத்துவத்தில் ஒரு சாட்சி உண்டு. ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குபவை. சிலருக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றம் அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமைப் பாக்டீரியாவுடையதுபோல இன்னும் கொஞ்சம் ஆக்கிவிடுகிறது. மருந்து ஆள் தெரியாமல் அதையும் அடிக்கிறது. உள்காதின் செல்கள் சாகின்றன, கேட்கும் திறன் போய்விடுகிறது.

அப்படியானால் பாக்டீரியாவுக்கு வீட்டில் இடம் கொடுத்த சொந்தக்காரர் யார்? 2015-இல் ஆர்க்டிக் கடலடியில், ‘லோகியின் கோட்டை’ என்று பெயர் வைத்த வெந்நீர் ஊற்றுகளுக்குச் சற்றுத் தள்ளி எடுத்த சேற்றில் ஒருவகை ஆர்க்கியாவின் டிஎன்ஏ கிடைத்தது. உட்கரு உள்ள செல்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த மரபணுக்கள் பல அதில் இருந்தன. ஆளைக் கண்ணால் பார்க்கத்தான் நாளாயிற்று. ஜப்பான் கடற்கரைக்கு அப்பால் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் அள்ளிய சேற்றை வைத்துக்கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 12 வருடம் முயன்று, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றைக் குடுவையில் வளர்த்துக் காட்டினார்கள். 2020-இல் முழு விவரமும் வெளிவந்தது. சின்னஞ்சிறு உருண்டை, உள்ளே உட்கரு இல்லை. ஆனால் உடம்பிலிருந்து நீளமான கைகள் கிளை விட்டு நீண்டிருந்தன. அந்தக் கைகளால்தான் மூதாதை பக்கத்து வீட்டுப் பாக்டீரியாவை வளைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இதை ஒப்புக்கொண்டால் நம் உட்கரு கட்சியே ஆர்க்கியாவின் ஒரு கிளை என்றாகிவிடும். மூன்று பெரும்பிரிவு இரண்டாகச் சுருங்கும். பலர் இப்போதே அப்படித்தான் மரம் வரைகிறார்கள். அடுத்த சான்றுக்கு அவசரப்பட முடியாது. தயிர் ஒரு ராத்திரியில் உறைந்துவிடும். குடுவையில் இருக்கும் இந்த ஆர்க்கியா ஒன்று இரண்டாகப் பெருக இரண்டு வாரத்திலிருந்து மூன்றரை வாரம் வரை எடுத்துக்கொள்கிறது.