உயரத்தை எங்கிருந்து அளப்பது?

திசையன்விளைப் பக்கம் 20 மீட்டர் பனை ஒன்றில் நுங்கு வெட்டுகிறார்கள். அரிவாள் பட்டதும் 10 கிலோ குலை ஒன்றும், அதிலிருந்து தெறித்த 1 கிலோ காய் ஒன்றும் ஒரே நேரத்தில் கீழே விழுகின்றன. எது முதலில் தரையைத் தொடும்? "குலைதான்" என்ற பதில் பத்தாம் வகுப்பிலும் வரும், கல்லூரியிலும் வரும்.

குலையைப் பூமி 10 மடங்கு விசையோடு இழுப்பது உண்மைதான். ஆனால் நிறை 10 மடங்கு என்றால், அதை முடுக்கவும் 10 மடங்கு விசை வேண்டுமே! இரண்டும் ஈடாகிவிடுவதால் முடுக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கூடும். இரண்டும் 2 நொடியில் தரைக்கு வரும். அப்போது வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். காய்ந்த ஓலை மட்டும் ஆடி ஆடி இறங்குவது காற்றின் வேலை. அதே ஓலையை இறுக்கிச் சுருட்டிக் கட்டிப் போட்டால் விரைவாக விழுந்துவிடும். எடை மாறவில்லை, காற்றுத் தடைதான் குறைந்தது.

வேகம் ஒன்று என்றால் அடியும் ஒன்று என்று நினைப்பது அடுத்த குழப்பம். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது தரையில் மோதும் ஆற்றல்: குலைக்கு 2000 ஜூல், காய்க்கு 200 ஜூல். மரத்தடியில் யாரையும் நிற்க விடாததற்குக் காரணம் அந்த 200 ஜூலே போதும் என்பதுதான்.

இனிதான் முக்கியமான கேள்வி. இந்த 2000 ஜூல் எங்கே இருக்கிறது? "குலைக்குள்ளே" என்கிறார்கள் மாணவர்கள். சரி, பனைக்கு அடியில் 10 மீட்டர் ஆழத்தில் வறண்ட கிணறு ஒன்று இருந்து, குலை அதில் விழுந்தால்? இப்போது 3000 ஜூல். அதே குலை, அதே பனை. விழுந்து நிற்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. உயரத்தால் வரும் இந்த நிலை ஆற்றல் என்பது குலைக்கும் பூமிக்கும் பொதுவான கணக்கு. அதில் நமக்குக் கிடைப்பது உயர வேறுபாடு மட்டுமே. அதனால் சுழியத்தை, அதாவது உயரம் 0 என்று கொள்ளும் இடத்தை, தரையில் வைக்கலாம், கிணற்றடியில் வைக்கலாம், பனை உச்சியிலும் வைக்கலாம். தொடக்கத்துக்குத் தரையையும் முடிவுக்குக் கிணற்றடியையும் சுழியமாக எடுத்தால்தான் விடை கெடும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பாபநாசம் அணையின் முழு நீர்மட்டமான 143 அடியை அப்படியே சூத்திரத்தில் போட்டு மின்சாரம் கணக்கிடுவதும் இதே தவறு. அந்த அடிக்கணக்கு அணையில் நீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது. காரையாற்றில் உள்ள இந்த மேலணையிலிருந்து விடும் நீர் கீழணைக்கு வந்து, அங்கிருந்து குழாய் வழியே மின்நிலையத்துக்கு இறங்குகிறது. மின்சாரம் எடுக்கும் சுழலிக்கு (டர்பைனுக்கு) வேண்டிய உயரம் கீழணை நீர்மட்டத்துக்கும் மின்நிலையத்துக்கும் இடையே உள்ளது. பொதுவாக, 1000 லிட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால் 9.8 லட்சம் ஜூல். கேட்கப் பெரிதாக இருக்கும். மின்வாரியக் கணக்கில் அது 0.27 யூனிட்தான். குழாயிலும் சுழலியிலும் போகும் இழப்பு வேறு.

மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன்மேல் விசையே இல்லை என்பதும் தவறு. விசை இல்லாவிட்டால் கல் அங்கேயே தங்கிவிடுமே! சுழியமாவது வேகம் மட்டும்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்பார்கள். 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் 8.7 இருக்கிறது, தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். பக்கவாட்டில் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் இருப்பதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றி வருகிறார்கள். இங்கே மகேந்திரகிரியில் சோதிக்கும் ராக்கெட் எஞ்சின்களுக்குப் பெரிய வேலை உயரம் ஏறுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். 1 கிலோவை 400 கிலோமீட்டர் உயர்த்த ஏறத்தாழ 37 லட்சம் ஜூல் போதும். அங்கே அதற்குச் சுற்றுவேகம் கொடுக்க ஏறத்தாழ 295 லட்சம் ஜூல் வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு.