‘நிரந்தரக் குடியுரிமை’ என்னும் பிழைச்சொல்

இராமநாதபுரம் கடற்கரையின் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகளில், மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லப்படும் முதல் நான்கைந்து செய்திகளுள் ‘பி.ஆர்.’ (பர்மனென்ட் ரெசிடென்ட்) என்பதும் ஒன்றாக இருக்கும். பேச்சில் அதனால் குழப்பமில்லை. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது இன்னதென்று தெரியும். அதையே தமிழில் எழுதும்போதுதான் வழுக்குகிறது. ‘சிங்கப்பூர் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்’ என்று சாதகக் குறிப்பிலும் பத்திரிகைச் செய்தியிலும் நோட்டரி முன் வைக்கும் உறுதிமொழிப் பத்திரத்திலும் கூட எழுதிவிடுகிறோம். அமெரிக்க கிரீன் கார்டுக்கும் நாளேடுகள் இதே தொடரைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் பி.ஆர். என்பது குடியுரிமையே அன்று. ஒரு நாட்டின் குடிமகனாக இல்லாதவருக்கு, காலவரையின்றி அங்கே தங்கிப் பிழைக்க அந்நாடு தரும் இசைவு. குடியுரிமை உள்ளவருக்கு அது தேவைப்படாது, அது தேவைப்படுபவருக்குக் குடியுரிமை இல்லை.

தவறு எங்கே நுழைந்தது என்று பார்க்க, ‘குடி’ என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான சொல் இது. மலையாளத்தில் குடி என்றால் வீடு, தெலுங்கில் ‘குடி’ என்பது கோயில், தமிழில் வீடு, குடும்பம், குலம், ஊர், அரசனின் ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் எனப் பொருள் விரிந்துகொண்டே போகிறது. ‘படைகுடி கூழமைச்சு நட்பரண்’ என்று வள்ளுவர் அரசின் ஆறு உறுப்புகளை எண்ணும்போது குடி என்பது நாட்டு மக்கள். அவரே ‘குடிமை’ என்று ஓர் அதிகாரம் வகுக்கும்போது அது நற்குடிப் பிறப்பின் பண்பு. (மதுவைக் குடிக்கும் குடி வேறு சொல், ‘குடிமகன்’ என்றதும் சிரிப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

குடிக்கும் மண்ணுக்கும் உள்ள கட்டு கல்வெட்டுகளில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கோயிலுக்கு நிலம் விடும்போது, அதை உழுதுகொண்டிருந்தவர்களை அகற்றாமல் விட்ட நிலத்தைக் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்றார்கள். நிலத்தின் மேலுரிமை கை மாறினாலும் குடி நீங்குவதில்லை. அதே கல்வெட்டுகளில் ‘குடிமை’ என்ற சொல் வள்ளுவர் சொன்ன பொருளில் வருவதில்லை. நிலத்தில் இருப்பவர் செலுத்த வேண்டிய இறையையும் செய்ய வேண்டிய பணியையும் குறிக்கிறது. ஊர்களில் முடிதிருத்துபவரையும் சலவைத் தொழிலாளரையும் ‘குடிமக்கள்’ என்று அழைத்து, வீடு வீடாகக் கடமை விதித்த வழக்கமும் இந்தப் பொருளின் தொடர்ச்சிதான். அந்த வழக்கத்தில் பெருமைப்பட ஏதுமில்லை. இருந்தாலும் சொல்லின் வரலாறு ஒன்றைக் காட்டுகிறது: குடி என்ற சொல்லுக்குள் உரிமை நுழைவதற்கு முன்பே கடமை இருந்தது. ‘சிட்டிசன்’ என்பதற்குக் குடிமகன் என்று பெயரிட்டவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, நீக்கமுடியாத இருப்பு, கடமை என்ற இரண்டையும் அந்தச் சொல்லில் பொதிந்து வைத்துவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வருவாய்த்துறை ஆவணங்களில் இன்னொரு இணை கிடைக்கிறது: உள்குடி, பரகுடி. ஊருக்குள்ளேயே வீடு வைத்துக்கொண்டு, தலைமுறையாக உழுது, எளிதில் வெளியேற்ற முடியாதவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து அந்தந்தப் பருவத்துக்கு உழுதுவிட்டுப் போகிறவர் பரகுடி. இன்றைய குடிமகனையும் வேலை அனுமதியில் இருப்பவரையும் இவர்களோடு ஒப்பிடலாம் போலத் தோன்றும். ஆனால் பி.ஆர். வைத்திருப்பவர் இந்த இரண்டிலும் அடங்கமாட்டார். அவர் உள்குடியைப் போல ஊருக்குள் இருக்கிறார், பரகுடியைப் போல வெளியேற்றப்படக் கூடியவராகவும் இருக்கிறார். பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இந்த மூன்றாம் வகை தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது.

குடியைத் தவிர்த்தால், தங்குவதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்வணிகரைப் பட்டினப்பாலை ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்று பாடுகிறது. அவர்களை அங்கே ‘குடி’ என்று சொல்லவில்லை, ‘உறையும்’ என்றே சொல்கிறது. ‘வதிதல்’ என்பதும் சங்கப் பாட்டுகளில் பறவையும் விலங்கும் மனிதரும் தங்குவதற்கு வரும் சொல். இலங்கைத் தமிழர் அதை விடாமல் வைத்திருந்து ‘வதிவிடம்’, ‘வதிவாளர்’ என்று அலுவலகச் சொற்களாக வளர்த்துக்கொண்டார்கள். கனடாவில் இருப்பவர்கள் ‘நிரந்தர வதிவிட உரிமை’ என்று எழுதுவதும் அதன் வழியே வந்ததுதான். சிங்கப்பூர்ச் செய்திகளில் ‘நிரந்தரவாசி’. வாசி என்பது வடமொழி ‘வஸ்’ வேரிலிருந்து வந்தது; இருக்குமிடத்தை மட்டும் சொல்லும், உரிமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நகரவாசிக்கும் சிறைவாசிக்கும் அதே வாசிதான். ஆகவே பொருளளவில் நிரந்தரவாசி சரியான சொல்லே. நம் ‘நிரந்தரக் குடியுரிமை’யைவிட நூறு மடங்கு மேல்.

அதன் முன்பாதியில்தான் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ‘நிரந்தரம்’ என்பது நிர், அந்தரம் என்று பிரியும். இடைவெளி இல்லாதது என்று பொருள். சிங்கப்பூர் நிரந்தரவாசியோ ஊருக்கு வந்து திரும்ப வேண்டுமானால் ‘மறுநுழைவு அனுமதி’ என்ற தனித்தாள் செல்லுபடியாக வேண்டும். அது பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. இடைவெளி விழுந்தால் நிலைமை ஆட்டம் காணும் ஒன்றுக்கு இடைவெளியற்றது என்று பெயர் வைத்திருக்கிறோம். குடிமகனுக்கு அந்தத் தாள் வேண்டாம்; நெடுநாள் வெளியில் இருந்துவிட்டு வந்தாலும் அவருடைய நாட்டின் கதவு திறந்தாக வேண்டும்.

உரிமை, கடமை என்று வரும்போது வேறுபாடு நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் 21 வயது நிறைந்த குடிமகனுக்கு வாக்களிப்பது கட்டாயம். நிரந்தரவாசிக்கு வாக்கே இல்லை. மத்திய சேமநிதிக்கு இருவரும் கட்ட வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீட்டை வாங்க, நிரந்தரவாசிக் குடும்பம் அந்தத் தகுதி கிடைத்து மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். குடிமக்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அடையாள அட்டையும் நிறத்தால் பிரிகிறது. சிங்கப்பூரில் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிக்கு நீலம். மலேசியாவிலோ குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. எங்கள் கடற்கரையில் ஒரே தெருவில் இரண்டு நாட்டு வீடுகளும் உண்டு. ‘அவனிடம் நீல ஐ.சி. இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டு நீலம் என்று கேட்காமல் அவன் குடிமகனா இல்லையா என்று சொல்லிவிட முடியாது.

கடமையில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். தொழில் தகுதியில் நிரந்தரவாசம் பெற்ற தகப்பனுக்குச் சிங்கப்பூரின் தேசிய சேவை என்னும் கட்டாயப் படைப்பணி இல்லை; தகப்பன் வழியாக அதே தகுதியைப் பெற்ற மகனுக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கீழக்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில், பேரனுக்கு வந்திருந்த பதிவுக் கடிதத்தின் படியை அவனுடைய பாட்டி என்னிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடியே முழுவதையும் கேட்டுவிட்டு, “ஓட்டு இல்லைன்னாங்க தம்பி, பட்டாளம் மட்டும் உண்டாமோ?” என்றார். அரசியல் அறிவியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்த வேண்டியதை அந்த ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார். வாக்கு அரசியல் உரிமை, அது உறுப்பினருக்கு. படைப்பயிற்சி அங்கே வளர்ந்து, அங்கே படித்து, அந்த மண்ணின் பாதுகாப்பில் இருந்தவரிடம் கேட்கப்படும் கைம்மாறு என்பது அந்த அரசின் கருத்து. சேவை செய்யாமல் தகுதியை விட்டுவிட்டு வெளியேறினால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். வீட்டார் அனைவரும் ‘குடியுரிமை கிடைத்துவிட்டது’ என்றே பல ஆண்டு நம்பியிருந்ததால், உரிமைப் பட்டியலும் கடமைப் பட்டியலும் வெவ்வேறு நீளம் கொண்டவை என்பதை யாரும் விசாரித்திருக்கவில்லை.

தவறான சொல் எதிர்த்திசையிலும் கேடு செய்கிறது. ‘அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான், இனி இங்கே ஓட்டுப் போடக் கூடாது’ என்று பி.ஆர். வைத்திருப்பவரையும் உறவினர் அடக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இது பிழை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டின் குடியுரிமையைத் தானே விரும்பிப் பெற்றால்தான் இந்தியக் குடியுரிமை நீங்கும். வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் இசைவு பெற்றதால் நீங்குவதில்லை. இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கும் நிரந்தரவாசி, வெளிநாடுவாழ் வாக்காளராகப் பெயரைச் சேர்த்துக்கொண்டு, தேர்தலன்று தன் ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து வாக்களிக்கலாம். 2010இல் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி செய்தார்கள். விமானச் சீட்டு எடுத்து வந்து இராமநாதபுரத்தில் ஒரு பொத்தானை அழுத்துவோர் எத்தனை பேர் என்பது வேறு கதை, உரிமை இருக்கிறது.

இந்திய அரசியலமைப்பே ‘குடிமகன்’, ‘எவரும்’ என்ற இரு சொற்களையும் அளந்து பயன்படுத்துகிறது. சட்டத்தின் முன் சமம் என்னும் 14ஆம் உறுப்பும் உயிருக்கும் தன்னுரிமைக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்பும் இந்நாட்டில் இருக்கும் எவருக்கும் உரியவை. பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியேறும் உரிமை ஆகியவற்றைத் தரும் 19ஆம் உறுப்பும், அரசு வேலையில் சமவாய்ப்புத் தரும் 16ஆம் உறுப்பும் குடிமக்களுக்கு மட்டும். 1976இல் 42ஆம் திருத்தத்தால் சேர்ந்த அடிப்படைக் கடமைகளும் ‘ஒவ்வொரு குடிமகனும்’ என்றே தொடங்குகின்றன. அப்போது பத்தாக இருந்தவை 2002இல் பதினொன்றாயின. இத்தனை கவனமாக எழுதிய நாடு, 2005இல் தானும் வழுக்கியது. ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ என்ற பெயரில் ஓர் அட்டை தருகிறது. அதை வைத்திருப்பவர் வெளிநாட்டுக் குடிமகன். அவருக்கு இங்கே வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, ஆயுள் முழுக்க வந்துபோகும் விசா உண்டு. குடிமகன் என்று பெயர் சூட்டப்பட்ட நிரந்தரவாசி அவர். எங்கள் ஊர்ச் சாதகக் குறிப்புகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

இந்தக் கடற்கரைக்கு இச்சொற்கள் புதியவை அல்ல. 1948இல் இலங்கை ‘பிரசாவுரிமை’ச் சட்டம் இயற்றியபோது, மண்டபம் வழியாகத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அந்தச் சொல்லின் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிரஜை என்பது வடமொழியில் பிள்ளை, சந்ததி என்று பொருள்படும் சொல். அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது மறுக்கப்பட்டது. 1949இன் இந்தியர் பாக்கிஸ்தானியர் சட்டம், மணமானவருக்கு 7 ஆண்டும் மணமாகாதவருக்கு 10 ஆண்டும் இடையறாத வதிவைக் காட்டச் சொன்னது. நிரந்தரம் என்ற சொல்லின் வேர்ப்பொருளை ஒரு சட்டம் இவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டது வேறெங்கும் என் கண்ணில் படவில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கியவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் பலர் இந்தத் தாயகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக மண்டபம் முகாமுக்கு வந்தவர்களுக்கோ வேறு கணக்கு. இந்தியச் சட்டப்படி 1987 சூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகியது. ஒரே முகாமில் ஒரே தாய்க்கு 1986இல் பிறந்த அக்காளுக்கும் 1988இல் பிறந்த தம்பிக்கும் நடுவில் சட்டம் ஒரு கோடு போட்டுவிட்டது. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல மாற்றம்தான், ஆனால் பெயரோடு தகுதி மாறவில்லை. அவர்களில் பலர் முப்பது நாற்பது ஆண்டாக இங்கே வதிகிறார்கள், இன்னும் குடியாகவில்லை.

இனி, எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது? ‘நிலைக்குடி’ என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். கேட்க அழகாக இருந்தாலும் அதே குடி அதில் திரும்ப நுழைந்துவிடுகிறது. ‘நிலைவதிவர்’, ‘நிலைவதிவுரிமை’ என்பவை என் தேர்வு. ஈழத்தவர் வழக்கோடு ஒத்துப்போகின்றன, குடியுரிமையோடு கலக்கவே கலக்காதவை. நாவுக்குப் புதிது என்பவர்கள் ‘நிரந்தரவாசி’ என்றே எழுதலாம். சண்டையில்லை.

உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரக் கேட்டு யாராவது வந்தால், இப்போது இரண்டு வரியாகப் பிரித்துத்தான் எழுதுகிறேன்: ‘குடியுரிமை – இந்தியா. வதிவுரிமை – சிங்கப்பூர்.’ போன மாதம் வந்த இளைஞர் ஒருவர் இரண்டாம் வரியைப் பார்த்து, ஒன்று குறைந்துவிட்டது போல முகம் சுளித்தார். முதல் வரியைக் காட்டினேன். பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.